அடுப்பில்லாமல் கொதித்த சுண்ணாம்பு

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் தெருவில் வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். தண்டையார்பேட்டையில் அப்போதெல்லாம் பெயின்ட் அடித்த வீடு தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மற்ற வீடுகளுக்கெல்லாம் சுண்ணாம்புதான். சாக்கில் வந்த சுட்ட கிளிஞ்சலைத் தகர டிரம்மில் கொட்டி, வெள்ளையடிக்க வந்தவர் மேலே தண்ணீர் ஊற்றுவார். முதலில் ஒன்றுமே நடக்காது. கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து உஸ் என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் ஆவி, அப்புறம் டிரம் முழுக்கக் கொதி. கிளிஞ்சல் ஒவ்வொன்றாகப் பிளந்து மாவாகிக் கரையும். "தள்ளி நில்லுடா, கண்ணுல பட்டா கண்ணே போயிடும்" என்று அவர் சத்தம் போடுவார். அவர் சொன்னது உண்மைதான். சூடான சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகலாம்.

டிரம்முக்கு அடியில் அடுப்பு இல்லை, விறகு இல்லை. அப்படியானால் அந்தக் கொதி எங்கிருந்து வந்தது? இன்று அதே பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். வெப்ப வேதியியல் பாடத்தை எந்த வருடமும் நான் அந்த டிரம்மிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் அந்தப் பாடத்தில் இருக்கும் எல்லாமே அந்த டிரம்முக்குள் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். கிளிஞ்சல் என்பது ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட். பழவேற்காடு ஏரியில் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் போட்டுச் சுடுவார்கள். சுடும்போது அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். அதுதான் சுட்ட சுண்ணாம்பு. 100 கிராம் கிளிஞ்சலுக்கு 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிராம் வாயுவாகப் போய்விடும். இதைச் செய்து முடிக்க அந்த 100 கிராமுக்கு 178 கிலோஜூல் வெப்பத்தைக் காளவாய் கொடுத்தாக வேண்டும். சூடாக்குவதற்கு ஆகும் செலவு தனி. இந்த 178 வெறும் பிரிப்பதற்கான கூலி. வெப்பத்தை வாங்கிக்கொண்டு நடக்கும் இதுபோன்ற வினைக்கு வெப்பம் கொள் வினை என்று பெயர்.

அப்புறம் டிரம். அந்த 56 கிராம் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் சேர்ந்து நீற்றிய சுண்ணாம்பு ஆகும்போது 65 கிலோஜூல் வெளியே வருகிறது. இது வெப்பம் உமிழ் வினை. அளவு சின்னதாகத் தெரியலாம். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்குக் கணக்கிட்டால் சுமார் 1,160 கிலோஜூல் ஆகும். 30 டிகிரியில் இருக்கும் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். டிரம் ஏன் கொதித்தது என்பதற்குப் பதில் இதுதான்.

காளவாய் கொடுத்தது 178, டிரம்மில் திரும்பி வந்தது 65. மீதி 113 எங்கே? அது சுவரில் இருக்கிறது. அடித்த சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு, தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. கிளிஞ்சல் எதுவாக இருந்ததோ அதுவாகவே ஆகிவிடுகிறது. அந்த மாற்றத்தில் வெளிவரும் வெப்பம் 113 கிலோஜூல். நாள்கணக்கில், சுவர் முழுக்கப் பரவி வெளியேறுவதால் கையை வைத்துப் பார்த்தாலும் தெரியாது. 65-ஐயும் 113-ஐயும் கூட்டினால் 178. வாங்கியதும் கொடுத்ததும் சரியாகப் போய்விட்டது.

1840-இல் ரஷ்யாவில் இருந்த வேதியியலாளர் ஜெர்மைன் ஹெஸ் சொன்ன விதியின் சாரம் இவ்வளவுதான். ஒரு பொருள் இன்னொன்றாக மாறும்போது எந்த வழியில் போனது, எத்தனை படிகளில் போனது என்பதால் மொத்த வெப்பக் கணக்கு மாறாது. ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போனாலும் லிஃப்டில் போனாலும் தரையிலிருந்து நம் உயரம் ஒன்றுதான், அதுபோல. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரிந்தால் போதும். காற்றழுத்தம் மாறாத சூழலில் நடக்கும் வினைகளுக்கு இந்த உயரத்தை, அதாவது பொருளின் வெப்பக் கணக்கை, என்தால்பி என்கிறோம்.

இந்த விதி வெறும் பரீட்சைக் கணக்குக்காக வந்ததென்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அளக்கவே முடியாததை அளப்பதற்கு வந்த விதி இது. கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக மட்டும் மாறும்போது எவ்வளவு வெப்பம் வரும்? இதை நேரடியாக அளப்பது பெரும்பாடு. எவ்வளவு பார்த்து எரித்தாலும் கொஞ்சம் கரி கார்பன் டை ஆக்சைடாகவும் போய்விடும். ஆனால் கரி முழுதாக எரிந்தால் 12 கிராமுக்கு 393.5 கிலோஜூல் என்று அளந்துவிடலாம். கார்பன் மோனாக்சைடைத் தனியாகப் பிடித்து எரித்தால் 283 என்றும் அளந்துவிடலாம். கழித்தால் 110.5. தெருமுனை இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டிக்குக் காற்று போதாமல் போனால் கரியின் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் துணிக்கு வரும். மிச்சம் விஷவாயுவோடு வெளியே போகும். மூடிய அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்கக் கூடாது என்பதும் இதே வாயுவால்தான்.

சரி, இந்த வெப்பம் பொருளுக்குள் எங்கே இருக்கிறது? பிளஸ் டூ விடைத்தாள்களில் வருடந்தோறும் ஒரே தப்பு: அணுக்களைக் கோத்து வைத்திருக்கும் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று எழுதுவார்கள். உண்மை நேர் எதிர். எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவாகும். புதிய பிணைப்பு சேரும்போதுதான் ஆற்றல் வெளிவரும். ஹைட்ரஜன் எரிவதை எடுத்துக்கொள்வோம். (மோல் என்பது டஜன் மாதிரி, அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ண வேதியியலில் வைத்திருக்கும் ஒரு அளவு.) இரண்டு மோல் ஹைட்ரஜனை உடைக்க 872, ஒரு மோல் ஆக்சிஜனை உடைக்க 498, ஆக 1,370 கிலோஜூல் செலவு. நான்கு மோல் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகும்போது வரவு 1,852. மிஞ்சுவது 482. ஒரு மோல் நீராவிக்கு 241. நீராவியாக விடாமல் தண்ணீராகக் குளிரவைத்தால் இன்னும் 44 கூடுதலாகக் கிடைக்கும். இந்த 44 கிலோஜூலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அளப்பதற்கு வருவோம். வெப்பத்தைக் காட்டும் மீட்டர் என்று ஒன்று கிடையாது. தெர்மாமீட்டர் வெப்பநிலையை மட்டுமே காட்டும். 80 டிகிரி டீ ஒரு கிளாஸும், 50 டிகிரி தண்ணீர் ஒரு அண்டாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தெர்மாமீட்டர் டீயைத்தான் பெரிதாகக் காட்டும். குளிக்க உதவுவது அண்டாவில் இருக்கும் வெப்பம். அதனால் வேதிவினையின் வெப்பத்தை நாம் அளப்பதே இல்லை. அதை நமக்குத் தெரிந்த ஒரு பொருளுக்குள் போகவிட்டு, அந்தப் பொருள் எவ்வளவு மாறியது என்று பார்க்கிறோம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 4.18 ஜூல் வேண்டும் என்பது தெரியும். மீதி எல்லாம் பெருக்கல்.

வீட்டிலேயே செய்து பார்க்க எளிமையான சோதனை யூரியா. மணலியில் தயாராவதும் உரக்கடையில் மூட்டையாகக் கிடைப்பதும் இதுதான். வேப்பெண்ணெய் பூசியிருப்பதால் லேசாக மஞ்சளாக இருக்கும். தெர்மோகோல் கப்பில் 200 மில்லி தண்ணீர் எடுத்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, 30 கிராம் யூரியாவைக் கொட்டிக் கலக்குங்கள். கப்பைப் பிடித்திருக்கும் கையிலேயே குளிர்ச்சி ஏறும். தெர்மாமீட்டர் 8 டிகிரி அளவுக்கு இறங்கும். 200-ஐ 4.18-ஆலும் 8-ஆலும் பெருக்கினால் கிட்டத்தட்ட 6.7 கிலோஜூல். 30 கிராம் என்பது அரை மோல், எனவே ஒரு மோலுக்கு 13.4. புத்தகத்தில் இருப்பது 15-ஐ ஒட்டிய எண். நாம் ஏமாந்த இடம் எங்கே? யூரியாவும் சேர்ந்து குளிர்ந்ததை நாம் கணக்கில் எடுக்கவில்லை. சுற்றியிருக்கும் சென்னைக் காற்று கப்புக்குள் சூட்டை ஏற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளிடம் நான் விடையைக் கேட்பதைவிட, விடை ஏன் தப்பியது என்பதைத்தான் அதிகம் கேட்பேன். யூரியா கரைவதை முழு வேதிவினை என்று சொல்ல முடியாது, ஆனால் கணக்குப் போடும் முறை ஒன்றேதான். வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பையன்கள் சுளுக்குக்கு வைக்கும் பிழிந்தால் குளிரும் பைகள் சிலவற்றுக்குள் இருப்பதும் யூரியாதான்.

சுற்றுப்புறத்தின் சூடு உள்ளே வருவதுதான் இந்த அளவீட்டின் பழைய எதிரி. அதை முதலில் கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்தவர்கள் பிரான்சின் லவாய்சியரும் லாப்லாஸும். 1782-83 குளிர்காலத்தில் அவர்கள் தெர்மாமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு ஐஸை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் எரியும் பொருள், அதைச் சுற்றி ஐஸ், அதற்கும் வெளியே இன்னொரு அடுக்கு ஐஸ். வெளியிலிருந்து வரும் சூடெல்லாம் வெளி அடுக்கை உருக்குவதிலேயே தீர்ந்துவிடும். உள் அடுக்கிலிருந்து வடியும் தண்ணீரை எடை போட்டால் வினையின் வெப்பம் தெரிந்துவிடும்.

காசிமேட்டில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். ஐஸ் உடைக்கும் மிஷினிலிருந்து கொட்டும் தூளை மீன் பெட்டியில் அடுக்கடுக்காகப் போடுவார்கள். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்வரை மீன் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். வெயிலின் வெப்பம் முழுக்க உருக்குவதற்குத்தான் செலவாகும், மீனைச் சூடாக்க மிஞ்சாது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். எங்கள் டிரம்மில் ஒரு கிலோ சுண்ணாம்பு விட்ட வெப்பம் மூன்றரை கிலோ ஐஸை உருக்கியிருக்கும். ஒரு பங்கு கரி எரிந்தால் 96.5 பங்கு ஐஸ் உருகும் என்று லவாய்சியர் கண்டார். இன்றைய எண்களை வைத்துக் கணக்கிட்டால் 98 வருகிறது. மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பு, ஒரு தராசையும் ஐஸையும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியிருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குப் புல்லரிக்கும்.

இன்று எரிபொருளுக்கு நாம் பயன்படுத்தும் கருவி பாம் கலோரிமீட்டர். பிரெஞ்சுக்காரரான பெர்த்தலோ 1880-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. பெயரில் பாம் இருந்தாலும் அது வெடிக்காது. தடித்த ஸ்டீலில் செய்த ஒரு கெட்டியான டப்பா, அவ்வளவுதான். படிப்பு முடித்ததும் சில வருடம் நிலக்கரி சோதிக்கும் ஒரு லேபில் இருந்தேன். அங்கே தினமும் அதோடுதான் என் பொழுது போகும்.

நிலக்கரியை 212 மைக்ரான் சல்லடையில் விழும்படி மாவாக அரைத்து, ஒரு கிராமை நான்கு தசம இடம் வரை எடை போட்டுச் சின்னக் கிண்ணத்தில் வைப்போம். அதற்கு மேல் ஒரு நிக்ரோம் கம்பி, அந்தக் கம்பியிலிருந்து கரி வரை தொங்கும் ஒரு பஞ்சு நூல். டப்பாவை இறுக மூடி 30 வளிமண்டல அழுத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றி, 2 லிட்டர் தண்ணீருக்குள் இறக்கி, கலக்கியை ஓடவிட்டுக் காத்திருப்போம். வெப்பநிலை ஒரு நிலைக்கு வந்ததும் பட்டனை அழுத்தினால் கம்பி சிவந்து, நூல் பற்றி, கரி எரிந்து முடிந்துவிடும். வெளியே சத்தமே கேட்காது. கொஞ்ச நேரத்தில் எண் ஏற ஆரம்பிக்கும். ஏறி நிற்கும்வரை யாரும் பேச மாட்டோம்.

டப்பாவும் தண்ணீரும் சேர்ந்து ஒரு டிகிரி உயர எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருப்போம். அதற்கு பென்சாயிக் அமில மாத்திரை. அது கிராமுக்கு 26.43 கிலோஜூல் தரும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட எண். அதில் ஒரு கிராமை எரித்து 2.62 டிகிரி ஏறினால், நம் கருவிக்கு டிகிரிக்குச் சுமார் 10.1 கிலோஜூல் என்று வரும். அப்புறம் நம் கரி 1.49 டிகிரி ஏற்றினால் அதன் வெப்பம் கிராமுக்குச் சுமார் 15 கிலோஜூல். நிலக்கரி வியாபாரத்தில் பழைய கலோரிதான் இன்னும் ஓடுகிறது. ஒரு கிலோகலோரி என்பது 4.18 கிலோஜூல், ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்தும் வெப்பம். அந்தக் கணக்கில் இது கிலோவுக்கு 3,600 கிலோகலோரி. கம்பியும் நூலும் எரிந்த வெப்பத்தையும், கந்தகமும் நைட்ரஜனும் அமிலமாக மாறியதால் வந்த வெப்பத்தையும் கழிப்பது தனி வேலை. மூடிய டப்பாவில் கொள்ளளவு மாறாமல் எரிப்பதால் கிடைக்கும் எண் என்தால்பியிலிருந்து கொஞ்சம் விலகும். பென்சாயிக் அமிலத்தில் அந்த விலகல் மோலுக்கு 3,228-இல் 1.2 மட்டும். வாயுக்களின் மோல் எண்ணிக்கை அதிகம் மாறும் வினைகளில்தான் அது கவலைப்பட வேண்டிய விஷயம்.

கவலைப்பட வேண்டிய வேறொன்று இருக்கிறது. இந்தியாவில் நிலக்கரிக்கு ஜி-1 முதல் ஜி-17 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 7,000 கிலோகலோரிக்கு மேல் இருந்தால் ஜி-1, அங்கிருந்து 300, 300-ஆக இறங்கும். தரம் இறங்கினால் விலை இறங்கும். நம் டப்பாவில் 300 கிலோகலோரி என்பது எத்தனை டிகிரி? 0.12 டிகிரி. ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, ரயிலில் பாரதீப்புக்கு வந்து, கப்பலேறி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, கன்வேயரில் அனல்மின் நிலையத்துக்குப் போகிற நிலக்கரியின் விலையை இந்தப் பத்தில் ஒரு டிகிரிதான் முடிவு செய்கிறது. தெர்மாமீட்டர் 0.01 டிகிரி தப்பினாலே 24 கிலோகலோரி போய்விடும்.

கருவியாவது பரவாயில்லை, கருவிக்கு வரும் முன்பு நடப்பதுதான் பெரிய விஷயம். பல்லாயிரம் டன்னுக்குப் பிரதிநிதியாக ஒரு கிராம் நிற்கிறது. குவியலின் மேலே எடுத்ததா அடியில் எடுத்ததா, கட்டியும் தூளும் கலந்து எடுத்ததா, கல்லை ஒதுக்கிவிட்டு எடுத்ததா என்பதில் விடை மாறும். ஈரம் இன்னொரு தொல்லை. ஒரு நவம்பர் மழை நாளில் சாம்பிள் டப்பாவைச் சரியாக மூடாமல் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து அதே கரியை எரித்தபோது 60 கிலோகலோரி குறைவாக வந்தது. கரி கெட்டுவிடவில்லை. கடற்கரைக் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்திருந்தது. சுரங்கத்தில் ஏற்றும்போது ஒரு எண், இங்கே இறக்கும்போது வேறு எண் என்று இந்தத் துறையில் காலங்காலமாக நடக்கும் சண்டைகளுக்கு இதெல்லாம்தான் காரணம். சோதனை அறிக்கைகளில் வரும் எண்ணைப் பார்க்கும்போது, அது எந்த ஈரத்தில் அளந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முன்பு சொன்ன 44 இங்கே வருகிறது. பாம் கலோரிமீட்டருக்குள் உருவாகும் நீராவி அங்கேயே தண்ணீராகிவிடும், அந்த வெப்பமும் கணக்கில் சேரும். இது மொத்தக் கலோரி மதிப்பு. மின்நிலையத்துப் புகைபோக்கியில் அது நீராவியாகவே போய்விடுகிறது. அதைக் கழித்தால் கிடைப்பது நிகர மதிப்பு. ஈரக் கரியில் இந்த இரண்டுக்கும் இடைவெளி அதிகம். வீட்டு சிலிண்டருக்கும் இதே கதைதான். எல்பிஜியின் நிகர மதிப்பு கிலோவுக்குச் சுமார் 46 மெகாஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 293 கிலோஜூல், அதாவது ஆறரை கிராம் கேஸ் போதும். அடுப்பின் திறன் 68 சதவீதமாக இருந்தால் ஒன்பதரை கிராம் ஆகும். கூடுதலான மூன்று கிராம் சமையலறையைத்தான் சூடாக்குகிறது.

மின்நிலையத்தில் அந்த இழப்பு எவ்வளவு? ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. ஒரு நிலையம் அதற்கு 2,400 கிலோகலோரி நிலக்கரியை எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், திறன் 36 சதவீதம். 3,600 கிலோகலோரி கரியில் அது முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மீதி 1,540 கிலோகலோரியில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாகப் போகும், பெரும் பங்கு நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சரில் போகும். கண்டென்சர் பங்கை 1,200 என்று எடுத்துக்கொள்வோம். கடல்நீரை உள்ளே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப வெளியே விடும் நிலையத்தில், அந்த நீர் 5 டிகிரி சூடாகிப் போகிறதென்றால், யூனிட்டுக்கு 240 லிட்டர். சீலிங் ஃபேன் ஒன்று பதின்மூன்று மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட்.

எண்ணூர்ப் பக்கத்து மீனவர்கள் முகத்துவாரத்துத் தண்ணீர் சுடுகிறது, இறால் குறைந்துவிட்டது என்று வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் சொல்வதைச் சரிபார்க்க பாம் கலோரிமீட்டர் கூட வேண்டாம். உள்ளே போகும் நீரின் வெப்பநிலை, வெளியே வரும் நீரின் வெப்பநிலை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற மூன்று எண்கள் போதும். தெர்மோகோல் கப்பில் யூரியாவுக்குப் போட்ட அதே பெருக்கல்தான். அந்த மூன்று எண்களையும் தினமும் காலையில் கரையில் ஒரு போர்டில் தமிழில் எழுதி வைத்தால், கணக்கை எங்கள் பிளஸ் டூ பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.